பெட்டியில் அன்னைக்கும் இடம் வேண்டும்

சித்திரை பிறந்து பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு உறுதியாயிற்றா என்பது ஒன்று. ஊருக்குப் போக இயலாத ஆண்டில் குழந்தைகளை ஒரு நாளேனும் எங்கே அழைத்துச் செல்வது என்பது மற்றொன்று. முன்னாளில் இரண்டாம் கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. ஜுஹூ கடற்கரைக்கோ, பைகுல்லா மிருகக்காட்சிச் சாலைக்கோ, படகேறி எலிபெண்டாத் தீவுக்கோ சென்று கட்டுச்சோற்றை உண்டு திரும்புவோம். இந்நாளில் பிள்ளைகள் ஒரே குரலாகக் கேட்பது தீம் பார்க் எனப்படும் கேளிக்கைப் பூங்காவையே. 1989-இல் கோராயில் எஸ்ஸெல்வேர்ல்டு திறக்கப்பட்டது முதல் மும்பையில் வளர்ந்து வந்த இந்த ஆசை, 2013-இல் கோப்போலிக்கு அருகே இமேஜிகா திறக்கப்பட்ட பின்னர்ப் பன்மடங்கு பெருகிவிட்டது. அதன் அண்டையிலேயே 2014-இல் நீர்ப்பூங்காவும் 2016-இல் பனிப்பூங்காவும் தோன்றின.

சென்ற திங்கள் இப்பகுதியில் முன்பதிவைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "சீட்டு வாங்கும் வழியைச் சொன்னீர்கள். பெட்டியில் எந்தத் துணியை எடுத்து வைப்பது என்பதையும் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். சிறிய கேள்வியாகத் தோன்றினும் இது சிறிய கேள்வி அன்று. இத்தகைய பூங்காவுக்குச் செல்லும் குடும்பத்தில் யார் விளையாடப் போகிறார், யார் மூட்டைகளைக் காத்துக்கொண்டு அமரப் போகிறார் என்பது வாயிலில் முடிவாவதில்லை. முந்தைய இரவு, வீட்டில், பெட்டியில் துணி அடுக்கும் போதே அது முடிவாகிவிடுகிறது.

உடைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் உள்ள தொடர்பு பழையது. உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலாந்து, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று கொடிய வெயில். அவசர அவசரமாகப் போட்ட தார்ப்பாதை இறுகவில்லை. விருந்துக்குச் செல்வது போல் உயர்ந்த குதிகாலணி அணிந்து வந்த மாதரின் காலணிகள் அந்தத் தாரில் புதைந்தன. பார்க்கச் செல்லும் இடத்திற்கு உரிய உடை வேறு, நடந்தும் ஏறியும் நனைந்தும் களிக்கச் செல்லும் இடத்திற்கு உரிய உடை வேறு என்பதை முதல் நாளிலேயே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாமோ இன்னும் கோயில் திருவிழாவுக்குப் புறப்படுவது போலவே பூங்காவுக்கும் புறப்படுகிறோம். குழந்தைகளுக்குப் புத்தாடை, மனைவிக்கு நல்ல புடவை, நமக்கு மடிப்புக் கலையாத சட்டை. உள்ளே நுழைந்து ஒரு மணி நேரத்தில் அவை அனைத்தும் பாரமாகிவிடுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு நீர்ப்பூங்காவில் நாம் கண்ட காட்சியை ஈண்டுக் கூறுவது பொருந்தும். அலைக்குளத்தின் ஓரத்தில், ஏழு பைகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். பேச்சிலிருந்து நெல்லைச் சீமையார் என்று தெரிந்தது. மருமகள் இரண்டு முறை வந்து, "அத்த, நீங்களும் வாங்களேன்" என்று அழைத்தார். "எனக்கு எதுக்கும்மா? நீங்க போங்க. நான் பையைப் பாத்துக்கிடுதேன்" என்று அம்மையார் சிரித்தபடியே மறுத்துவிட்டார். நாம் அருகில் சென்று பேச்சுக் கொடுத்தோம். அம்பாசமுத்திரத்தில் பிறந்தவராம். எட்டு வயதிலேயே தாமிரபரணியை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்திக் கடந்தவராம். தாராவிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றனவாம். "இந்த நாப்பது வருசத்துல குழாய்த் தண்ணிய வாளியில பிடிச்சுக் குளிச்சதுதான்" என்றார். பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, அலை வந்து மோதி வழியும் ஓரத்தில் இரு பாதங்களையும் நீட்டி வைத்துக்கொண்டார். மாலை ஐந்து மணி வரையில் அவர் குளித்த குளியல் அவ்வளவே. அந்தக் குடும்பத்திலே நன்றாக நீந்தத் தெரிந்தவர் அவர் ஒருவர்தாம். அவருக்குரிய உடை மட்டும் அந்த ஏழு பைகளில் எதிலும் இல்லை.

புடவையோடு ஆற்றில் இறங்கலாம், குற்றால அருவியில் நிற்கலாம், இக்குளத்தில் மட்டும் ஏன் இறங்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. இதற்கு விடை தெரியாதவர்கள், அதனைப் பூங்காக்காரர் துணி விற்பதற்குச் செய்த தந்திரம் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மை வேறு.

ஆற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுக்கையும் நூலையும் அது கொண்டுபோய்விடும். நீர்ப்பூங்காவில் இருப்பது ஒரே நீர். அதனைப் பொறி உறிஞ்சி, வடிகட்டிகளின் வழியே செலுத்தி, குளோரின் கலந்து மீண்டும் குளத்திற்கே அனுப்புகிறது. பருத்தித் துணியிலிருந்து உதிரும் பஞ்சிழை வடிகட்டியில் சென்று அடையும். சாயமும் நீரில் இறங்கும். ஆயிரம் பேர் பருத்தியோடு இறங்கினால் அக்குளத்தின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது எடை. பருத்தி நீரை விரும்பும் இழை. சாதாரணக் காற்றில் உள்ள ஈரத்திலேயே தன் எடையில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் அது ஏற்றுக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 4 பங்கு ஏற்கும். பாலியெஸ்டர் அரைப் பங்கும் ஏற்பதில்லை. காற்றிலேயே இவ்வாறெனின் குளத்தில் எவ்வாறு இருக்கும்? ஐந்தரை மீட்டர்ப் பருத்திப் புடவை முழுதும் நனைந்து, அலை வந்து இழுக்கும் போது கால்களைச் சுற்றிக்கொண்டால், நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார். ஆற்றுப் படித்துறையில் நம் பாட்டிமார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியதன் காரணமும் இதுவே. சறுக்கு மரத்தின் பெரிய உருவமாகிய நீர்க்குழாய்களில் வேறோர் இடையூறும் உண்டு. தொங்கும் முந்தானையும் துப்பட்டாவும் இணைப்புகளில் சிக்கலாம். ஜீன்ஸின் இரும்புப் பொத்தானும் பல்லிணைப்பானும் வழவழப்பான தளத்தைக் கீறிவிடும். பின்னால் வருபவரின் தோலை அக்கீறல் கிழிக்கும். ஆகவேதான் நம் நாட்டின் பெரும்பாலான நீர்ப்பூங்காக்களில் நைலான், பாலியெஸ்டர், லைக்ரா ஆகிய துணிகளால் ஆன நீச்சலுடையையே அனுமதிக்கின்றனர். பெங்களூர், ஹைதராபாத், கொச்சி ஆகிய இடங்களில் உள்ள வொண்டர்லாவுக்குச் செல்லும் அன்பர்களுக்கும் இதுவே விதி.

இனி மானத்தைப் பற்றிய அச்சம். நம் குடும்பத்துப் பெண்டிரைத் தடுப்பது பெரும்பாலும் இதுதான். நீச்சலுடை என்றவுடன் திரைப்படத்தில் கண்ட உடை ஒன்றே மனக்கண்முன் வருகிறது. ஆனால் கழுத்து மூடி, மணிக்கட்டு வரை கையும் கணுக்கால் வரை காலும் உள்ள முழு நீச்சலுடைகள் இன்று கடைகளில் எளிதிற் கிடைக்கின்றன. இடுப்பின் கீழ்ப் பாவாடை போன்ற சுற்று வைத்துத் தைத்தவையும் உண்டு. எல்லா மதத்து மகளிரும் அவற்றை வாங்கி அணிகின்றனர். மெல்லிய பருத்தி நனைந்தவுடன் உடலோடு ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காட்டும். கருநிற நைலான் முழு உடை நனைந்தாலும் ஒன்றையும் காட்டாது. எனவே மானத்தைக் காப்பதற்கும் புடவையைவிட அதுவே ஏற்றது என்று நம் அன்னைமாருக்கு எடுத்துச் சொல்லலாம், அவர்கள் ஒப்புவர்.

வெயிலுக்கும் இதுவே நல்லது. உலர்ந்த மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். நனைந்துவிட்டாலோ மூன்றில் ஒரு பங்கையே விடும். நெருக்கமாக நெய்த நைலான் முழு உடையே குழந்தைகளின் தோள்களைக் கன்றிப் போகாமல் காக்கும். குழந்தைகளின் உடைக்கு நிறம் தெரிந்தெடுக்கும் போது இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். வெளிர் நீலமும் வெள்ளையும் நீலநிறத் தளமிட்ட குளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்கள் நீருக்கடியிலும் தெரியும். கூட்டத்தில் பிள்ளையைக் கண் தேடும் போது அந்நிறம் ஒரு காவலாளி போல் உதவும். கைக்குழந்தைக்குச் சாதாரண டயப்பர் ஆகாது. அது குளத்து நீரையே உறிஞ்சி உப்பிவிடும். நீரில் அணிவதற்கென்றே டயப்பர் தனியாக விற்கிறார்கள்.

நீச்சலுடை வாடகைக்கும் கிடைக்கும். முன்பணம் கட்டி வாங்கி, மாலையில் திருப்பித் தரலாம். ஆயினும் வாடகை உடையில் நம் உடலுக்கேற்ற அளவு கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. பருத்த உடலினருக்கும் முதியவர்களுக்கும் பெரும்பாலும் அளவு அமைவதில்லை. வெட்கத்தோடு வரிசையில் நின்று, அளவில்லை என்ற பதிலைக் கேட்டபின், "நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்" என்று சொல்வது எளிது. எனவே குழந்தைகளுக்கு வாடகைக்கு எடுத்தாலும், வீட்டிலுள்ள பெண்டிருக்கும் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே வாங்கி, வீட்டில் ஒரு முறை அணிந்து பார்த்துவிடுவது நன்று. ஒரு முறை வாங்கிய உடை பல ஆண்டு உழைக்கும். குளோரின் நீரில் நனைந்ததைத் திரும்பியவுடன் நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

அணிகலன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையல், ஜிமிக்கி, கொலுசு, நெடுஞ்சங்கிலி ஆகியவற்றை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுக. கூட்டத்தில் தொலைந்தால் தேடிக் காண்பது அரிது. தாலியைக் கழற்றுமாறு நாம் சொல்ல மாட்டோம். அஃது அவரவர் மனத்தைப் பொறுத்தது. கழுத்து மூடிய உடை அணிந்தால் அது உள்ளேயே அடங்கியிருக்கும். சங்கிலியாயின் ஊக்கு ஒன்றினால் உடையின் உட்புறத்தோடு சேர்த்துக் குத்திக்கொள்ளலாம்.

நீரில் இறங்காத மற்றைய விளையாட்டுகளுக்கு வருவோம். இமேஜிகாவில் நைட்ரோ என்னும் பெரிய ரோலர் கோஸ்டர் உண்டு. அதற்குக் கீழ்த்தளம் கிடையாது. அமர்ந்தவரின் கால்கள் காற்றில் தொங்கும். வாரில்லாத செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு அதில் ஏறுவது தகாது. குதிகாலை வாரால் பிணைக்கும் காலணியே பூங்கா முழுவதற்கும் ஏற்றது. கால்மேசோடு கூடிய கனத்த பூட்ஸ் ஒரு முறை நனைந்தால் அன்று முழுவதும் உலராது. நனைவதற்கும் அங்கே வாய்ப்பு உண்டு. நருமதைக் கரையிற் கண்டெடுத்த எலும்புகளைக் கொண்டு 2003-இல் அறிஞர்கள் பெயரிட்ட இராஜாசோரஸ் என்னும் பழங்கால விலங்கின் பெயரால் ஒரு படகு விளையாட்டு இருக்கிறது. உயரத்திலிருந்து படகு நீரில் பாயும் போது ஆடையைக் கேட்டுக்கொண்டு நீர் தெறிப்பதில்லை. ஆகையால் விரைவில் உலரும் மெல்லிய காற்சட்டையும், தொடை உரசாத தளர்ந்த சட்டையும் போதும். நனைந்த ஜீன்ஸோடு பகல் முழுதும் நடந்தவர் அடுத்த நாள் படும் துன்பத்தை அவரே அறிவார்.

சிறு கார் ஓட்டும் கோ-கார்ட் போன்ற விளையாட்டுகளில் துப்பட்டா, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் மூன்றும் ஆபத்தானவை. 1927-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நீஸ் நகரில், இசடோரா டங்கன் என்னும் புகழ் பெற்ற நடன மாது காரில் சென்ற போது, அவரது நீண்ட கழுத்துத் துணி சக்கரத்திற் சிக்கி உயிர் துறந்தார். நம் பெண்களுக்குப் பயம் காட்டுவதற்காக இதனை எழுதவில்லை. சுடிதார் அணிவோர் துப்பட்டாவை வீட்டில் விட்டு, அதற்கு மாறாக மேலே ஒரு மெல்லிய சட்டை அணிந்து, கூந்தலைப் பின்னி முடிந்துகொண்டால் அச்சம் தீர்ந்தது.

பனிப்பூங்காவுக்குள் செல்வோருக்கு மேலங்கியும் காலணியும் பொதுவாக அவர்களே தருவர். ஆனால் உள்ளே அணியும் முழுக்காற்சட்டையும் உலர்ந்த கால்மேசும் நம்முடையனவாக இருக்க வேண்டும். நீர்ப்பூங்காவில் நனைந்த உடையோடு பனிக்குள் நுழைவது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் பனியை முதலிலும் நீரைப் பின்னரும் வைத்துக்கொள்வது நலம்.

பருவத்தையும் கருத வேண்டும். சித்திரை, வைகாசியில் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இன்றியமையாதவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் கண்டாலா மலையடிவாரத்தில் பெய்யும் மழையைக் குடை தாங்காது. மழையங்கியே வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மாலைக் காற்றுக்குக் குழந்தைகளுக்கு ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படும்.

நாம் இரயில்வே அலுவலகத்தில் மூட்டைகளை எடை போட்டு எழுதும் வேலை செய்பவர். நெடுந்தூர வண்டியில் படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம் என்பது விதி. விதி அனுமதிப்பதை எல்லாம் தோள் அனுமதிக்காது. மும்பையிலிருந்து கர்ஜத் வழியாகக் கோப்போலிக்குச் செல்லும் வண்டிகள் குறைவு; ஒன்றை விட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரிடும். கோப்போலிக்கு 1856-இலேயே இருப்புப் பாதை போட்டுவிட்டார்கள். மலைமேல் பாதை ஏறியதோ 1863-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பயணிகள் கோப்போலியில் இறங்கி, பல்லக்கிலும் மட்டக் குதிரையிலும் மலை ஏறினார்கள். மூட்டையின் பாரம் என்ன என்பதை அன்று சுமந்தவர்கள் நன்கு அறிந்திருப்பார்கள்! நமக்கும் ஒருவருக்கு ஒரு பை என்னும் கணக்கே போதும்.

அந்தப் பையில் இருக்க வேண்டியவை இவை: நீரில் இறங்க ஓர் உடை, திரும்பி வர ஓர் உலர்ந்த உடை, உள்ளாடை இரண்டு, மெல்லிய துண்டு ஒன்று, ஈரத்தைப் போட்டு முடிய ஒரு பாலிதீன் உறை. திரும்பும் உடையை மட்டும் ஒருவரும் மறக்கலாகாது. ஈரத்தோடு வண்டியேறி, வாயிற்படிக் காற்றில் இரண்டு மணி நேரம் நடுங்கி வந்த குழந்தைக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால், இன்பத்திற்கு இன்பமும் போயிற்று, பள்ளிக்குப் பள்ளியும் போயிற்று.

இல்லத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பெட்டி அடுக்குபவர் ஒருவரே. அவர் முதலில் குழந்தைகளுக்கும், பிறகு கணவருக்கும், பிறகு மாமியாருக்கும் வைப்பார். இடம் நிரம்பியபின் தமக்கு மாற்றுப் புடவை ஒன்றைச் செருகிக்கொள்வார். மாமியாரோ, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று முன்னரே சொல்லியிருப்பார். நீர்ப்பூங்காவின் நுழைவுக்கட்டணம் மட்டும் அனைவருக்கும் கொடுத்தாகிவிட்டது! வாடகைக்கும் விலைவாசிக்கும் அஞ்சி ஓராண்டு முழுவதும் கணக்குப் பார்த்த குடும்பம், அந்த இருவரையும் கரையில் அமர்த்திவிட்டு வருவது எவ்வகையில் சிக்கனமாகும்?

ஆதலின் இவ்வாண்டு ஒன்று செய்க. சீட்டு வாங்குவதற்கு முன் ஒரு தாளில் வீட்டிலுள்ளோர் அனைவர் பெயரையும் எழுதுக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நனையும் உடை, உலர்ந்த உடை என இரண்டையும் குறிக்க. முதல் வரியில் பாட்டியின் பெயரும் இரண்டாம் வரியில் அன்னையின் பெயரும் இருக்கட்டும். குறையிருந்தால் அதனை வாங்கியபின் சீட்டு வாங்குக. பைகளைக் காக்கப் பாதுகாப்புப் பெட்டிகள் வாடகைக்கு உண்டு. அதற்கும் மனமில்லையாயின் ஒரு மணி நேரம் ஆடவர் அமர்ந்து காக்கட்டும். வேண்டாம் என்று சொல்பவரை வற்புறுத்துதல் கூடாது. ஆனால் வேண்டாம் என்பது அவர் மனத்தின் விடையா, அல்லது உடை இல்லாமையின் விடையா என்பதை உடையை வாங்கி அவர் கையில் கொடுத்தபின்தான் நாம் அறிய முடியும்.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைகளை இரயிலில் ஈரமின்றி வரவழைக்கும் முறை பற்றி எழுதுவோம். அன்பர்கள் அனைவருக்கும் விடுமுறை இனிதாகுக!